கட்சி லிஸ்ட்ல ஒரு பேரு: சோம்நாத் சாட்டர்ஜி ஏன் சபாநாயகர் சேர்ல இருந்து எந்திரிக்கல

2008 ஜூலைல மன்மோகன் சிங் அரசுக்கு வெளியில இருந்து குடுத்துட்டு இருந்த ஆதரவ இடதுசாரிங்க வாபஸ் வாங்கினப்போ, அப்போ ஜனாதிபதியா இருந்த பிரதிபா பாட்டீல்கிட்ட லெட்டரோட எம்.பி.க்கள் பேர் லிஸ்ட்டும் குடுத்தாங்க. அந்த லிஸ்ட்ல சிபிஎம் (மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி) ஆளுங்க வரிசைல சோம்நாத் சாட்டர்ஜின்னு ஒரு பேரு. அவர் அப்போ லோக்சபா சபாநாயகர். நாலு வருஷமா எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போகாம, அவைல ஓட்டும் போடாம, பொதுவான ஆளா உக்காந்திருந்தவரு. அவர் பேர லிஸ்ட்ல எழுதின அந்த ஒரு வரிதான் ரெண்டே வாரத்துல அவரோட 40 வருஷக் கட்சி உறவுக்கு முற்றுப்புள்ளி வச்சது.

இத "கட்சி சொன்னத கேக்கல, தூக்கிட்டாங்க"ன்னு ஒரு வரில சொல்லிட்டுப் போயிடலாம், நிறைய பேரு அப்படித்தான் சொல்றாங்க. ஆனா சபாநாயகர்னா யாரு, கட்சி ஆளா இல்ல அவையோட ஆளாங்கிற கேள்விக்கு நம்ம நாட்டுல இன்னிக்கு வரைக்கும் யாரும் நேரா பதில் சொல்லல. அந்தக் கேள்விய மடில வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் எப்படி மாட்டினாருங்கிறதுதான் இந்தக் கதைன்னு எனக்குத் தோணுது.

முதல்ல ஆளப் பத்தி கொஞ்சம். 1929 ஜூலை 25, அசாம்ல தேஜ்பூர்ல பிறந்தாரு. அப்பா நிர்மல் சந்திர சாட்டர்ஜி பெரிய வக்கீல், அதோட இந்து மகாசபா தலைவர். ஆமா, இந்து மகாசபாதான். 1952 முதல் லோக்சபாவுக்கு அந்தக் கட்சி சார்பா ஹூக்ளில ஜெயிச்சவரு. அவர் மகன் எப்படி கம்யூனிஸ்ட் ஆனாருன்னு கேக்கலாம். இதுல ஒரு சுவாரசியம் இருக்கு, 1948-ல கம்யூனிஸ்ட் கட்சிய தடை பண்ணி ஆளுங்கள உள்ள தூக்கிப் போட்டப்போ, அவங்கள வெளிய விடணும்னு சிவில் உரிமை அமைப்பு ஆரம்பிச்சு சத்தம் போட்டவர்ல இந்த அப்பாவும் ஒருத்தர், அந்த வழில, பின்னாடி மேற்கு வங்க முதல்வரான கம்யூனிஸ்ட் தலைவர் ஜோதி பாசுவோட அந்த வீட்டுக்குப் பழக்கம். கொள்கை வேற, மனுஷ உறவு வேறன்னு இருந்த காலம். மகன் கல்கத்தால பிரசிடென்சி காலேஜ், அப்புறம் கேம்பிரிட்ஜ், லண்டன்ல மிடில் டெம்பிள்ல பாரிஸ்டர் படிப்பு, திரும்பி வந்து கல்கத்தா ஹைகோர்ட்ல பிராக்டிஸ். 1968-ல சிபிஎம்ல சேர்ந்தாரு.

1971-ல பர்த்வான்ல இருந்து முதல் தடவையா லோக்சபாவுக்குள்ள வந்தாரு. அதுக்கப்புறம் மொத்தம் பத்து தடவை ஜெயிச்சிருக்காரு, தோத்தது ஒரே ஒரு தடவை. ஆனா அந்த ஒரு தடவை யார்கிட்ட தோத்தாருன்னு பாருங்க. 1984, இந்திரா காந்தி கொலைக்கு அப்புறம் வந்த தேர்தல், ஜாதவ்பூர் தொகுதி, எதிர்ல நின்னது காங்கிரஸ் டிக்கெட்ல வந்த யாருக்கும் பெருசா தெரியாத ஒரு இளம் பொண்ணு, பேரு மம்தா பானர்ஜி. சிபிஎம் கோட்டைன்னு நெனச்ச இடத்துல சுமார் 20 ஆயிரம் ஓட்டுல இவர கவுத்துட்டாங்க. அடுத்த வருஷமே போல்பூர் இடைத்தேர்தல்ல நின்னு, முன்னாள் முதல்வர் சித்தார்த்த சங்கர் ராயவே தோக்கடிச்சு திரும்ப உள்ள வந்துட்டாரு, அங்கயே 2009 வரைக்கும் எம்.பி. மம்தா பேர ஞாபகம் வச்சுக்குங்க, இந்தக் கதைல இன்னும் ரெண்டு தடவை வருவாங்க.

89-ல இருந்து 2004 வரைக்கும் லோக்சபால சிபிஎம் குழுவுக்கு இவர்தான் தலைவர். 96-ல சிறந்த பார்லிமென்டேரியன் விருது வாங்கினாரு. நடுவுல ஜோதி பாசு இவர மேற்கு வங்க தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு சேர்மனா போட்டாரு, வெளிநாட்டுக் கம்பெனிங்களோட வரிசையா புரிந்துணர்வு ஒப்பந்தம் (எம்ஓயு) போட்டதால கல்கத்தா பத்திரிகைக்காரங்க "எம்ஓயு-நாத்"னு பேர் வச்சு கிண்டல் பண்ணாங்க. கட்சிக்குள்ள கெட்டியான கொள்கைப் பிடிப்பு ஆளுங்களுக்கு இவர் மேல ஒரு சந்தேகப் பார்வை எப்பவும் இருந்திருக்கும்னு நெனக்கிறேன். கேம்பிரிட்ஜ் படிப்பு, கோர்ட் பழக்கம், முதலாளிங்களோட கை குலுக்கல், எல்லாமே.

2004 தேர்தல்ல சிபிஎம் 43 சீட். இது வரைக்கும் அவங்க வாங்கினதுலயே அதிகம். அமைச்சரவைல சேர மாட்டோம், வெளில இருந்து ஆதரவுன்னு சொல்லிட்டாங்க, ஆனா சபாநாயகர் பதவிய எடுத்துக்கிட்டாங்க. ஜூன் 4-ஆம் தேதி போட்டியே இல்லாம சோம்நாத் தேர்வானாரு, அந்த நாற்காலில உக்காந்த முதல் கம்யூனிஸ்ட். இதுல ஒரு கணக்கு இருக்கு, கூட்டணி ஆட்சில வெளில இருந்து முட்டுக் குடுக்குற கட்சிக்கு சபாநாயகர் பதவிங்கிறது ஒரு இன்சூரன்ஸ் மாதிரி, நாளைக்கு கட்சி உடையுது, நம்பிக்கை ஓட்டெடுப்பு வருதுன்னா அங்க நம்ம ஆளு இருக்கணும். 98-ல வாஜ்பாய் ஆட்சிக்கு தெலுங்கு தேசம் ஆதரவு குடுத்தப்போ பாலயோகி சபாநாயகர் ஆனதும் இதே கணக்குதான். ஆக, இந்தப் பதவி ஆரம்பத்துலயே ஒரு கட்சி கைல குடுக்குற டோக்கனா இருக்கு, உக்காந்த அடுத்த நிமிஷம் நீ கட்சிக்கு அப்பாற்பட்டவன்னு சொல்லிடறோம். கூத்துதான்.

பிரிட்டன்ல இந்தக் குழப்பம் இல்ல. சபாநாயகர் ஆனா கட்சிய விட்டு வெளிய வந்துடணும், அடுத்த தேர்தல்ல பெரிய கட்சிங்க அவர எதிர்த்து பொதுவா ஆள் நிறுத்த மாட்டாங்க. நம்ம ஊர்ல முதல் சபாநாயகர் மாவ்லங்கர் காலத்துலயே இந்த விவாதம் வந்தாச்சு, கட்சிய விட வேண்டாம், ஆனா கட்சி வேலைல தலையிடக் கூடாதுங்கிற மாதிரி ஒரு நடு வழிதான் அவர் பிடிச்சாரு. 1967-ல நீலம் சஞ்சீவ ரெட்டி மட்டும் சபாநாயகர் ஆனதும் காங்கிரஸ்ல இருந்து ராஜினாமா பண்ணாரு. பாவம், ரெண்டு வருஷத்துல அதே காங்கிரஸோட அதிகாரபூர்வ ஜனாதிபதி வேட்பாளரா நின்னு, மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கன்னு இந்திரா சொல்லி, வி.வி. கிரிகிட்ட தோத்துப் போனாரு. அது தனிக் கதை.

1985-ல கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தப்போ, அரசியல் சட்டத்துல சேர்ந்த பத்தாவது அட்டவணைல இதுக்குன்னே ஒரு ஜன்னல் வச்சாங்க. அதோட அஞ்சாவது பத்தி என்ன சொல்லுதுன்னா, சபாநாயகரா தேர்வானவர் அந்தக் காரணத்துக்காக கட்சி உறுப்பினர் பதவிய விட்டா அது தாவல் ஆகாது, பதவி பறி போகாது, சேர்ல இருக்கிற வரைக்கும் எந்தக் கட்சிலயும் சேரக் கூடாது அவ்வளவுதான், பதவி முடிஞ்சதும் பழைய கட்சிக்கே திரும்பிக்கலாம். எவ்வளவு அழகா யோசிச்சிருக்காங்க! ஆனா அந்த ஜன்னல் பக்கம் யாரும் எட்டிக் கூட பாக்குறதில்ல. சோம்நாத்தும் பாக்கல. கட்சிக் கூட்டத்துக்குப் போறத நிறுத்தினாரு, ஆனா உறுப்பினர் கார்டு அப்படியே இருந்துச்சு. என்னக் கேட்டா 2008-ல நடந்த மொத்தப் பிரச்சினைக்கும் விதை 2004 ஜூன்ல எழுதாம விட்ட அந்த ஒரு ராஜினாமா லெட்டர்தான்.

சேர்ல எப்படி இருந்தாருன்னு பாத்தா, ஹெட்மாஸ்டர் மாதிரி. கணீர்னு குரல், கோவம் சட்டுனு வரும், எம்.பி.க்கள உக்காருங்க உக்காருங்கன்னு அதட்டுறது டிவில பாத்தவங்களுக்கு இன்னும் காதுல கேக்கும். டிவில பாக்க முடிஞ்சதுக்கும் அவர்தான் காரணம், பதவிக்கு வந்த அடுத்த மாசமே, எம்.பி.க்கள் அவசரப் பிரச்சினைகள எழுப்புற ஜீரோ அவர லைவ்ல காட்ட ஏற்பாடு பண்ணாரு, 2006 ஜூலைல லோக்சபா டிவின்னு 24 மணி நேர சேனலே வந்துச்சு. இவங்க உள்ள பண்றத ஜனங்க பாத்தா வெக்கப்பட்டு அடங்குவாங்கன்னு ஒரு நம்பிக்கை. நடந்தது தலைகீழ், கேமரா இருக்குன்னு தெரிஞ்சதும் கத்தறதுக்கு இன்னும் தெம்பு வந்துடுச்சுன்னுதான் எனக்குத் தோணுது.

2005 ஆகஸ்ட்ல மம்தா மறுபடி வந்தாங்க. வங்கதேசத்துல இருந்து ஆளுங்க ஊடுருவறாங்கன்னு ஒத்திவைப்புத் தீர்மானம் குடுத்தாங்க, சோம்நாத் அனுமதிக்கல, அப்போ சேர்ல இருந்த துணை சபாநாயகர் அட்வால் மேல பேப்பரெல்லாம் விட்டெறிஞ்சுட்டு எம்.பி. பதவியவே ராஜினாமா பண்றேன்னு கெளம்பிட்டாங்க. சோம்நாத் அந்த ராஜினாமாவ ஃபார்மேட் சரியில்லன்னு சொல்லி ஏத்துக்கல. 84-ல தன்னத் தோக்கடிச்சவங்கள அவைல இருந்து அனுப்ப ஒரு சான்ஸ் கைல கிடைச்சும் ரூல் புக்க காட்டி உள்ளயே வச்சுக்கிட்டாரு.

அதே வருஷம் டிசம்பர்ல கேள்வி கேக்க காசு விவகாரம். கேமராவ மறைச்சு வச்சு எடுத்த ஸ்டிங் 12-ஆம் தேதி டிவில ஓடுது, எம்.பி.க்கள் பணம் வாங்கறாங்க. சோம்நாத் உடனே பவன் பன்சல் தலைமைல கமிட்டி போட்டாரு, 23-ஆம் தேதி லோக்சபால இருந்து 10 பேர நீக்கியாச்சு, ராஜ்யசபால ஒருத்தர். பதினோரே நாள்! தண்டனை ரொம்ப அதிகம்னு பாஜக வெளிநடப்பு பண்ணுச்சு, நீக்கப்பட்டதுல அவங்க ஆளுங்கதான் அதிகம். நீக்கினவங்க கோர்ட்டுக்குப் போக, சுப்ரீம் கோர்ட் நோட்டீஸ் வருது, சபாநாயகர் அத வாங்கிக்கவே மாட்டேன்னுட்டாரு. அவைக்குள்ள நடந்ததுக்கு நான் கோர்ட்டுக்கு பதில் சொல்லணும்னு எந்தச் சட்டமும் இல்லங்கிறது வாதம். 2007 ஜனவரில ராஜா ராம் பால் வழக்குல நீக்கினது செல்லும்னு தீர்ப்பு வந்துச்சு, ஆனா அதே தீர்ப்புல அவையோட முடிவ கோர்ட் பரிசீலிக்கலாம்னும் சொல்லிட்டாங்க. ஆக ஜெயிச்சாருன்னும் சொல்லலாம், தோத்தாருன்னும் சொல்லலாம். அதுக்கு முன்னாடி 2005 மார்ச்ல ஜார்க்கண்ட்ல ஷிபு சோரன் அரசு இந்தத் தேதில பலத்த நிரூபிக்கணும், வீடியோ எடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டப்பவும் இவர் கடுமையா ஆட்சேபம் பண்ணாரு.

தமிழ்நாட்டுக்காரங்களுக்கு இத கேட்டதும் எண்பதுகள்ல நம்ம சட்டமன்ற சபாநாயகரா இருந்த பி.எச். பாண்டியன் ஞாபகம் வரும். "வானளாவிய அதிகாரம்"! 1987-ல ஒரு அட்டைப்பட கார்ட்டூனுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர ஜெயிலுக்கு அனுப்பின சட்டமன்றம். ரெண்டும் ஒண்ணான்னா இல்ல. பாண்டியன் காலத்துல அந்த அதிகாரம் போய் விழுந்தது பத்திரிகைக்காரர் மேலயும் எதிர்க்கட்சி மேலயும், சோம்நாத் அத காசு வாங்கின எம்.பி.க்கள் மேல திருப்பினாரு. ஆனா நோட்டீஸ் வாங்க மாட்டேங்கிற அந்த நிமிர்வு ரெண்டுக்கும் பொது, அதுல எனக்கு கொஞ்சம் நெருடல் உண்டு.

இன்னொரு நெருடலும் உண்டு. 2006-ல, எம்.பி.யா இருக்கிறவங்க அரசுல ஆதாயம் வர்ற வேற பதவி வகிக்கக் கூடாதுங்கிற ஆதாயப் பதவி விவகாரத்துல ஜெயா பச்சன் எம்.பி. பதவி பறி போச்சு, சோனியா காந்தி ராஜினாமா பண்ணிட்டு திரும்ப நின்னு வந்தாங்க. சோம்நாத் அப்போ சாந்திநிகேதன் பகுதி வளர்ச்சி ஆணையத்துக்குத் தலைவர், அவர் மேலயும் புகார் வந்துச்சு. அவர் விடல. சட்டத்தத் திருத்தி நிறைய பதவிகளுக்கு முன்தேதியிட்டு விலக்கு குடுத்தாங்க, இந்த ஆணையமும் அந்தப் பட்டியல்ல. அப்துல் கலாம் அந்த மசோதாவ ஒரு தடவை திருப்பி அனுப்பினாரு, அப்படியே மறுபடி நிறைவேத்தி அனுப்பிட்டாங்க. மத்தவங்களுக்கு அவ்வளவு உயரத்துல அளவுகோல் வச்சவரு இங்க எந்திரிச்சு வந்திருந்தா இன்னும் கம்பீரமா இருந்திருக்கும்.

இப்ப 2008-க்கு வரலாம். அமெரிக்காவோட அணுசக்தி ஒப்பந்தம், அத எதிர்த்து இடதுசாரிங்க ஆதரவு வாபஸ், ஜூலை 22 நம்பிக்கை ஓட்டெடுப்பு. கட்சிப் பொதுச்செயலாளர் பிரகாஷ் காரத் தரப்பு சொன்னது, பதவிய விட்டுட்டு வந்து அரசுக்கு எதிரா ஓட்டுப் போடுங்க. சோம்நாத் சொன்னது, என்னை எல்லாக் கட்சியும் சேர்ந்து தேர்ந்தெடுத்துச்சு, கட்சி லிஸ்ட்ல என் பேர போட்டதே தப்பு, அதோட பாஜகவோட சேர்ந்து ஓட்டுப் போட்டு ஆட்சியக் கவுக்க எனக்கு மனசில்ல. இந்தக் கடைசி காரணத்த கொஞ்சம் உத்துப் பாக்கணும், ஏன்னா அது சபாநாயகரோட காரணம் இல்ல, ஒரு அரசியல்வாதியோட காரணம். கட்சிக்காரங்க இதத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. நடுநிலைன்னா நடுநிலை, ஓட்டு யாரோட சேர்ந்து விழுதுன்னு ஏன் பாக்குறீங்கன்னு கேட்டா அதுல நியாயம் இல்லாம இல்ல.

கணக்கு போட்டுப் பாருங்களேன். அரசியல் சட்டம் 100-வது பிரிவுப்படி சபாநாயகர் சாதாரணமா ஓட்டுப் போட முடியாது, ரெண்டு பக்கமும் சமமா வந்தா மட்டும் போடலாம். அன்னிக்கு வந்தது 275-க்கு 256. சோம்நாத் எந்திரிச்சுப் போய் எதிர்ப் பக்கம் உக்காந்திருந்தா 257 ஆகியிருக்கும், வேற ஒண்ணும் மாறியிருக்காது. 99-ல வாஜ்பாய் 269-க்கு 270-ன்னு ஒரே ஓட்டுல கவுந்த மாதிரி நெலமை இது இல்ல. அப்போ கட்சிக்கு வேண்டியது ஓட்டா? இல்லவே இல்ல, கட்டுப்பாடு. லெனினிஸ்ட் கட்சி ஒண்ணுல மேல எடுத்த முடிவுக்கு கீழ எல்லாரும் கட்டுப்படணும், அது பிரதமரானாலும் சரி சபாநாயகரானாலும் சரி. 96-ல ஜோதி பாசுவுக்கே பிரதமர் பதவி வந்து கட்சி வேணாம்னு சொன்னப்போ, வரலாற்றுப் பிழைன்னு பின்னாடி சொன்னாரே தவிர கட்சிய மீறல. சோம்நாத் மீறினாரு.

அந்த ஜூலை 22 சாயங்காலத்த டிவில பாத்தவங்க மறந்திருக்க மாட்டாங்க. விவாதம் போய்ட்டே இருக்கு, திடீர்னு பாஜக எம்.பி.க்கள் மூணு பேரு பையத் திறந்து ஆயிரம் ரூபாய் கட்டு கட்டா எடுத்து அவை நடுவுல இருக்கிற மேசைல அடுக்குறாங்க, தூக்கிக் காட்டுறாங்க, ஓட்டுப் போடாம இருக்க எங்களுக்குக் குடுத்த லஞ்சம் இதுன்னு கத்துறாங்க. மொத்தம் ஒரு கோடி. மூணு வருஷம் முன்னாடி கேள்விக்கு காசு வாங்கினதுக்கு பத்து பேர வெளிய அனுப்பின அதே அவை. ஒத்திவச்சு, திரும்பக் கூட்டி, ராத்திரி ஓட்டெடுப்ப நடத்தி முடிச்சாரு. அரசு தப்பிச்சது. மறுநாள் 23-ஆம் தேதி சிபிஎம்மோட உயர்மட்டக் குழுவான பொலிட்பீரோ கூடி, கட்சி நிலைப்பாட்டுக்கு பாதகமா நடந்துக்கிட்டாருன்னு சொல்லி நீக்கிடுச்சு. இன்னும் ரெண்டு நாள்ல அவருக்கு 79-வது பிறந்தநாள்.

கட்சி நீக்கினா சபாநாயகர் பதவி போயிடாதான்னு அப்போ நிறைய பேர் கேட்டாங்க. போகாது. சபாநாயகர நீக்க 14 நாள் முன்கூட்டியே நோட்டீஸ் குடுத்து, அவையோட அப்போதைய மொத்த உறுப்பினர்கள்ல பெரும்பான்மை தீர்மானம் போடணும். எம்.பி. பதவியும் போகாது, ஏன்னா தாவல் சட்டம் தானா கட்சிய விடறவங்களுக்கும் கொறடா உத்தரவ மீறறவங்களுக்கும்தான், கட்சியே துரத்தினவங்களுக்கு இல்ல. இதுல ஒரு வேடிக்கை, தொண்ணூறுகள்ல அதிமுக நீக்கின ஜி. விஸ்வநாதன் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, நீக்கினாலும் அந்த உறுப்பினர் சட்டத்தோட கண்ணுல ஜெயிச்ச கட்சியச் சேர்ந்தவர்தான்னு. அதாவது கட்சி இவர் எங்க ஆள் இல்லங்குது, சட்டம் பாத்தா இவர் இன்னும் உங்க ஆளுதான்னு சொல்லும். சோம்நாத் 2009 வரைக்கும் அந்த சேர்லயே உக்காந்து முழு பதவிக் காலத்தையும் முடிச்சாரு.

கடைசி மாசங்கள்ல ரொம்ப கசந்து போயிருந்தாரு. 2009 பிப்ரவரில அவைல ஒரே அமளி, பொறுமை போய், ஜனங்க பணத்துல ஒரு பைசா வாங்கக் கூட உங்களுக்குத் தகுதி இல்ல, தேர்தல்ல மக்கள் உங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுப்பாங்கன்னு எம்.பி.க்கள பாத்து சொல்லிட்டாரு. அப்புறம் பிரிவுபசாரத்துல கொஞ்சம் எறங்கி வந்து வாழ்த்திட்டு போனாரு. அந்தத் தேர்தல்ல அவர் நிக்கல, போல்பூரும் தொகுதி மறுவரையறைல தனித் தொகுதி ஆயிடுச்சு. 43-ஆ இருந்த சிபிஎம் 16-க்கு வந்துச்சு. இவர நீக்கினதாலன்னு சொன்னா அது டூ மச், தொழிற்சாலைக்கு நிலம் எடுக்கப் போய் போராட்டம் வெடிச்ச சிங்கூரும் நந்திகிராமும் பண்ண வேலை அது.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. அதே சிபிஎம்ல ஹாஷிம் அப்துல் ஹலீம் மேற்கு வங்க சட்டமன்ற சபாநாயகரா 1982-ல இருந்து 2011 வரைக்கும் 29 வருஷம் இருந்திருக்காரு, ஒரு உரசலும் வெளிய தெரியல. ஆட்சியும் கட்சியும் ஒண்ணா இருக்கிற வரைக்கும் சபாநாயகர் யாரோட ஆளுன்னு யாரும் கேக்கப் போறதில்ல போல, ரெண்டும் பிரியிற அன்னிக்குத்தான் அந்தக் கேள்வி வருது, டெல்லில அது வந்தது ஒரே ஒரு நாள். நம்ம ஊர்லயும் 2017-ல 18 எம்.எல்.ஏ.க்கள சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் பண்ணப்போ, ஆளுங்கட்சிக்கு சாதகமாத்தான் பண்ணாருன்னு பாதிப் பேரு டீக்கடைல உக்காந்து பேசினோம், ஆனா சபாநாயகர் ஏன் இன்னும் கட்சி உறுப்பினரா இருக்காருன்னு ஒருத்தரும் கேக்கல.

2018 ஆகஸ்ட் 13, கொல்கத்தால ஒரு ஆஸ்பத்திரில சோம்நாத் இறந்துட்டாரு, வயசு 89. உடல ஹைகோர்ட்டுக்குக் கொண்டு போனாங்க, அவர் வக்கீலா நின்ன இடம். அப்புறம் சட்டமன்றத்துக்கு, அங்க துப்பாக்கி மரியாதை. ஏற்பாடெல்லாம் முதலமைச்சர் மம்தா பானர்ஜி. கட்சி ஆபீஸுக்குக் கொண்டு போகல. செங்கொடி போர்த்தணும்னு கட்சி தரப்புல கேட்டப்போ குடும்பத்துல வேணாம்னுட்டாங்க, வீட்டுக்கு அஞ்சலி செலுத்த வந்த மூத்த தலைவர் பிமன் போஸ கோவமா வெளிய போகச் சொன்னதும் அன்னிக்கு டிவில வந்துச்சு. சாயங்காலம் உடல எஸ்எஸ்கேஎம் ஆஸ்பத்திரிக்கு தானமா குடுத்துட்டாங்க.